பேத்தி கேட்கிறாள், தாத்தா முழிக்கிறார்
வாசகர் கேள்வி – பதில்

விடுமுறை தொடங்கியதும் வரும் கடிதங்களில் பாதி, பேரப்பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் அதற்குப் பெரியவர்கள் முழித்த முழிப்பையும் சுமந்துகொண்டு வருகின்றன. சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் உண்மையான ஒரு கவலை இருக்கிறது. இந்த இதழில் அந்தக் கவலைகளுக்குப் பதில்.

கேள்வி: எட்டு வயதுப் பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பரணில் இருந்த பழைய டயல் போனைக் காட்டினேன். "இதுல ஸ்கிரீன் எங்க தாத்தா? உடைஞ்சிடுச்சா?" என்றாள். சிரித்து முடிப்பதற்குள் "போர் அடிக்குது, உங்க போனைக் குடுங்க" என்றாள். நாங்கள் சிறுவயதில் இப்படிச் சொன்னதே இல்லையே? — ஒரு தாத்தா, பாளையங்கோட்டை

சொல்லியிருப்பீர்கள் ஐயா. "சும்மா தொணதொணக்காம வெளிய போய் விளையாடு" என்று உங்கள் அம்மா விரட்டியிருப்பார், நீங்கள் மறந்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை செய்ய ஒன்றுமே இல்லாத பொழுது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இருந்தது. தீப்பெட்டிப் படம் சேர்த்ததும், நுங்குக் கூந்தலில் வண்டி செய்ததும், சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டியதும் அந்தப் பொழுதில்தான். சலிப்பு வந்த உடனே அதைத் துடைத்துவிட ஒரு கருவி அன்று கையில் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே பேத்தி "போர்" என்றதும் பதறி ஏதாவது ஏற்பாடு செய்யாதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியில் சாக்பீஸ், ஐந்து மீட்டர் கயிறு, பழைய செய்தித்தாள், அட்டைத் துண்டுகள், முனை மழுங்கிய கத்தரிக்கோல், மைதாப் பசை, நாலைந்து காலி டப்பா போட்டுக் கூடத்தில் வையுங்கள். "இதை வைத்து என்ன வேணா செய்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் பத்து பதினைந்து நிமிடம் சிணுங்கல் இருக்கும். அதைத் தாண்டவிட்டால் ஏதோ ஒன்று தொடங்கும். பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: சிணுங்கல் பொறுக்காமல் ஐந்தாவது நிமிடத்தில் நாமே போனைக் கொடுத்துவிடுகிறோம். சிணுங்கினால் போன் வரும் என்று குழந்தை அன்றே கற்றுக்கொள்கிறாள்.

டயல் போனைப் பரணில் திரும்பப் போடாதீர்கள். அதை வைத்து அம்மா, அப்பா எண்களை மனப்பாடம் செய்ய வையுங்கள். அன்று பத்து வயதுப் பிள்ளைக்கு நாலைந்து வீட்டு எண்கள் தெரியும். இன்று பெரியவர்களுக்கே கணவர் எண், மனைவி எண் தெரிவதில்லை. பத்து இலக்கத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஏதாவது ஒரு மெட்டில் பாடச் சொல்லி, டயலில் சுற்றச் சொல்லுங்கள். தினமும் மூன்று தடவை சுற்றினால் ஒரு வாரத்தில் பதிந்துவிடும். அதோடு அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: மாமியார் நிலாவைக் காட்டி என் கணவருக்குச் சோறூட்டினாராம். நான் போனைக் காட்டி மகனுக்கு ஊட்டுகிறேன். இரண்டரை வயது. வீடியோ நின்றால் வாயும் மூடிக்கொள்கிறது. போனில் சார்ஜ் தீர்ந்தால் அன்று சாப்பாடும் தீர்ந்தது. எப்படி மீள்வது? — ஓர் அம்மா, திருச்சி

நிலா நல்ல துணை. ஏனென்றால் அது அசையாமல் நிற்கும், பேச்செல்லாம் பாட்டியுடையது. குழந்தை பாட்டியின் முகத்தையும் கையையும் உருண்டையையும் பார்த்துக்கொண்டுதான் தின்றது. வீடியோவில் கண் சிக்கிக்கொண்டால் வயிறு நிறைந்ததா, பசிக்கிறதா என்பதே பிள்ளைக்கு உறைப்பதில்லை. வாய் தானாகத் திறக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், வீடியோ காலில் சொந்தக்காரர்களோடு பேசுவது மட்டும் போதும்; இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

மீள்வதற்கு ஒரே நாளில் எல்லா வேளையையும் மாற்றாதீர்கள். முதலில் மாலைச் சிற்றுண்டி. அது தவறினாலும் இரவுச் சாப்பாடு இருக்கிறது என்ற தைரியம் உங்களுக்கு இருக்கும். நாலைந்து நாள் கழித்து காலை, பிறகு இரவு, கடைசியில் மதியம். சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் பால், பிஸ்கட், ஜூஸ் எதுவும் வேண்டாம். நாள் முழுவதற்கும் பால் அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். "என் பிள்ளை சாப்பிடுவதே இல்லை" என்று வருத்தப்படும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது பால் டம்ளரை.

தரையில் ஒரு பழைய துணியை விரித்து, தட்டில் உங்களுக்கும் போட்டுக்கொண்டு எதிரில் உட்காருங்கள். அவனுக்கு இரண்டு ஸ்பூன் பருப்புச் சாதம், விரல் நீளத்துக்கு வெந்த கேரட் இரண்டு போதும். அவனே எடுத்துத் தின்னட்டும். கொட்டுவான், தலையில் தேய்த்துக்கொள்வான், அதற்குத்தான் துணி. இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள், கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். முதல் நாலு நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். அந்த நாட்களில் தாத்தாவோ பாட்டியோ மனம் பொறுக்காமல் போனை நீட்டினால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எடை குறைந்தாலோ, குறிப்பிட்ட பதத்தில் உள்ள உணவைக் கண்டாலே குமட்டினாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாடியில் நிலா இன்னும் வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்றையாவது அதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: அம்மா வீட்டிலிருந்து பல்லாங்குழிப் பலகை கொண்டுவந்தேன். மகள் "மேக்கப் பாக்ஸா?" என்று கேட்டாள். மகன் குழிகளில் சாஸ் ஊற்றி வைத்தான். விளையாடலாம் என்றால் எனக்கே விதி மறந்துவிட்டது. முழுதாகச் சொல்லித் தர முடியுமா? — ஒரு வாசகி, கும்பகோணம்

முதலில் பலகையைக் கழுவிக் காயவையுங்கள். மரப்பலகை என்றால் நீரில் ஊறவிடக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பல்லாங்குழி ஊருக்கு ஊர் மாறும். பரவலாக ஆடும் ஒரு முறையைச் சொல்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஏழாக மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்து காய், ஆக 70. புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எதுவும் சரி. குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். கறுப்பும் சிவப்புமாக அழகாக இருக்கும், பழைய வீடுகளில் டப்பா நிறைய இருக்கும். ஆனால் கடித்து மென்றுவிட்டால் கொடிய விஷம். மஞ்சாடி முழுச் சிவப்பு, தட்டையாக இருக்கும். குன்றிமணியில் கறுப்புப் பொட்டு இருக்கும். பிரித்துப் பார்த்து எடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைக்க வேண்டும். மூக்கில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

ஆட்டம் இப்படி. முதலில் ஆடுபவர் தன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தத் திசை என்பதை முதலிலேயே பேசிக்கொண்டு இருவரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். எதிராளியின் குழிகளிலும் போட வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அந்தக் காலிக்குழியைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். அதோடு அவர் முறை முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடைக்காது. எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டு, அதில் ஐந்தாவது காய் விழுந்துவிட்டால் போச்சு.

சரியாக ஆடுகிறீர்களா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லாக் குழியிலும் ஐந்து வைத்துத் தொடங்கினால், எந்தக் குழியில் ஆரம்பித்தாலும் முதல் கைக்குச் சரியாக ஏழு காய்தான் வரும். ஆறோ எட்டோ வந்தால் நடுவில் ஏதோ ஒரு குழியில் இரண்டு விழுந்திருக்கிறது, அல்லது ஒரு குழி தாண்டிப் போயிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவர்களே நாலு முறை ஆடிவிட்டு "ஏன் எப்பவும் ஏழே வருது?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பலகையைக் கூடத்தில் வைக்கலாம்.

ஒருவர் பக்கம் முழுக்கக் காலியானால் அந்தச் சுற்று முடிந்தது. பலகையில் மிச்சமிருப்பது யார் பக்கம் இருக்கிறதோ அவருக்கு. இப்போது அவரவர் ஜெயித்ததை வைத்துத் தன் குழிகளை ஐந்து ஐந்தாக நிரப்ப வேண்டும். 27 காய் உள்ளவருக்கு ஐந்து குழி நிரம்பும், இரண்டு காய் கையில் நிற்கும். நிரம்பாத இரண்டு குழிகளில் ஒரு குச்சியை வைத்து மூடிவிட வேண்டும். அடுத்த சுற்றில் அங்கே யாரும் காய் போடக் கூடாது. ஒரு குழி நிரப்பக்கூடக் காய் இல்லாதவர் தோற்றவர்.

ஐந்து வயது மகன் சேர்ந்தால் குழிக்கு மூன்று காய் போதும், பசு விதியைப் பிறகு சேர்க்கலாம். பலகையே இல்லாதவர்கள் சாக்பீஸால் தரையில் 14 வட்டம் போட்டால் ஆயிற்று.

கேள்வி: மகனுக்குப் பத்து வயது. ஆசை ஆசையாகப் பம்பரம் வாங்கிக் கொடுத்தேன். யூடியூப் பார்த்து முயன்றான். பம்பரம் சுற்றவில்லை, டிவி ஸ்டாண்டுதான் உடைந்தது. எங்கே தவறு? — ஓர் அப்பா, மதுரை

வீட்டுக்குள் ஆடியது முதல் தவறு. வழவழப்பான டைல்ஸில் ஆணி வழுக்கும், டைல்ஸிலும் ஓட்டை விழும். இறுகிய மண்தரை அல்லது சொரசொரப்பான சிமென்ட் தளம் வேண்டும்.

பம்பரத்தைப் பாருங்கள். ஆணி நேராக, நடுவில், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். சற்றே சாய்ந்திருந்தாலும் பம்பரம் தலையாட்டிக்கொண்டே விழும். புது ஆணியின் கூரை அரத்தால் லேசாக மழுக்குங்கள். நன்றாக நின்று சுற்றும், காலில் பட்டாலும் ஆழமாகக் குத்தாது. சாட்டை பருத்தி நூல் திரித்ததாக இருக்கட்டும், நைலான் வழுக்கும். ஒன்றேகால் மீட்டர் நீளம் போதும். ஒரு முனையில் தடித்த முடிச்சு.

வலக்கைப் பழக்கம் உள்ளவன் பம்பரத்தை இடக்கையில் ஆணி மேலே பார்க்கப் பிடிக்க வேண்டும். முடிச்சில்லாத முனையை லேசாக நனைத்து, ஆணியை ஒட்டி ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, அந்த முனை மேலேயே அடுத்த சுற்றை ஏற்றிப் பூட்ட வேண்டும். பிறகு ஆணியிலிருந்து வயிற்றுப் பகுதி நோக்கி, ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு சுற்றாக, இடைவெளியும் இல்லாமல் மேலேயும் ஏறாமல் சுற்றிக்கொண்டு வரவேண்டும். முக்கால்வாசி மூடினால் போதும். மிச்சச் சாட்டையின் முடிச்சை மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, ஆணி கீழே பார்க்கும்படி பம்பரத்தைப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து முன்னால் விட வேண்டும். விட்ட அதே நொடியில் கையைப் பின்னால் சுண்டி இழுக்க வேண்டும். சுற்ற வைப்பது அந்த இழுப்புதான். புதிதாகப் பழகுபவர்கள் கல்லை எறிவதுபோல் எறிவார்கள், இழுக்க மறந்துவிடுவார்கள். உங்கள் மகன் எறிந்ததும் அப்படித்தான் டிவி பக்கம் போயிருக்கும்.

எப்படி விழுகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். சாட்டையும் சேர்ந்து பறந்தால் விரலில் முடிச்சு நிற்கவில்லை. சுற்றாமல் பொத்தென்று விழுந்தால் சுற்றியது தளர்வு, அல்லது இழுக்கவில்லை. தலைகீழாக விழுந்து கொண்டையில் சுற்றினால் மணிக்கட்டு திரும்பிவிட்டது. நின்றும் தள்ளாடினால் சுற்று மேல் சுற்று ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் ஆணிக் கோணல். பக்கத்தில் நிற்பவர்கள் பத்தடி தள்ளி, எறிபவனுக்குப் பின்பக்கமாக நிற்க வேண்டும்.

சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்கும் அபீட், வட்டத்துக்குள் மாட்டிய பம்பரத்தில் நம் பம்பரத்தின் ஆணியால் குத்தி ஆக்கர் வைப்பதெல்லாம் பிறகு. முதலில் தொடர்ந்து பத்து முறை நிற்கட்டும். ஓர் உதவி: காணொலியை விட, தெருவில் பம்பரம் விடத் தெரிந்த பதிமூன்று வயது அண்ணன் ஒருவன் கிடைத்தால் அரை நாளில் முடிந்துவிடும். முன்பு எல்லா விளையாட்டும் அப்படித்தான் கைமாறின. அப்பாக்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் 40 குழந்தைகள். மாலை ஆளுக்கொரு வகுப்பு. ஒரு ஞாயிறு எல்லோரையும் கீழே இறக்கினோம். "ஆன்ட்டி, கேம் எப்போ ஸ்டார்ட் ஆகும்? யார் கோச்?" என்று வரிசையில் நின்றார்கள்! — ஒரு வாசகி, சென்னை

படிக்கும்போது சிரிப்பு வந்தது, பிறகு மனசு கனத்தது. அவர்கள் மேல் பிழையில்லை. பெரியவர் இல்லாமல் ஆட்டம் தொடங்கிப் பழக்கமே இல்லை.

முதல் நாலைந்து நாள் மட்டும் நீங்கள் தொடங்கி வையுங்கள். சாட் பூட் த்ரீ போட்டு அணி பிரிப்பது, இங்கி பிங்கி பாங்கி சொல்லி ஆளைத் தேர்வது இரண்டையும் காட்டுங்கள். இவை தெரிந்தால் "யார் முதலில்" என்ற சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். அடுத்து, குட்டிப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கும் வழக்கம். நாலு வயதுத் தம்பி கூடவே ஓடுவான், அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அழுகையும் இருக்காது, ஆட்டமும் கெடாது, ஒரு வருடத்தில் விதியெல்லாம் அவனுக்குப் பழகிவிடும். வயது வாரியாகப் பிரிக்கும் இன்றைய வகுப்புகளில் இது கிடைக்காது.

சாக்பீஸால் பாண்டிக்கட்டம் போடுங்கள்: இரண்டு வரிசை, வரிசைக்கு நான்காக எட்டுக் கட்டம், கட்டத்துக்கு 40 செ.மீ. சில்லுக்கு உடைந்த மண் ஓட்டுத் துண்டு, முனை தேய்த்து, ஐந்து செ.மீ. அகலம் இருந்தால் சரியாக நிற்கும். பிளாஸ்டிக் மூடி துள்ளி ஓடிவிடும். கல்லா மண்ணா, நாலு மூலை, கொலை கொலையா முந்திரிக்கா இவற்றுக்கு ஒரு பொருளும் வேண்டாம். கண்ணாமூச்சியைக் கார் நிறுத்துமிடத்தில் ஆட விடாதீர்கள். ரிவர்ஸ் எடுப்பவருக்குப் பின்னால் குனிந்திருக்கும் குழந்தை தெரியாது; பூட்டாத காருக்குள் ஒளிந்து கதவு மாட்டிக்கொண்டால் வெயிலில் சில நிமிடமே உயிருக்கு ஆபத்து.

கூடுமானவரை கூரை இல்லாத இடமாகப் பாருங்கள். வெளி வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டமே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வெயில் இல்லாத குறையா?

சண்டை வந்தால் உடனே இறங்கி ஓடாதீர்கள். அடிதடி, ரத்தம், ஒருவனை எல்லோருமாக ஒதுக்குவது என்றால் போங்கள். "நீ கள்ளாட்டம் ஆடுற" என்பதற்கெல்லாம் பால்கனியிலிருந்து தீர்ப்பு வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. எங்க தாத்தா தினமும் "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கிறார். ஆறு மைல் நடந்தாராம், ஒரே சட்டையாம். நான் சாக்ஸ் தேடினால்கூட அதைச் சொல்றார். எப்படி நிறுத்துவது? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, நிறுத்த வேண்டாம், திசையை மாற்று. அவர் நடந்த கதையைச் சொன்னால், "தாத்தா, அந்த வழியில எந்த வீட்டு மாமரத்துல கல்லெறிஞ்சீங்க? யார் துரத்தினாங்க?" என்று கேள். இன்னும் சில கேள்விகள்: கணக்கில் எவ்வளவு மார்க் வாங்கினீர்கள்? எதைத் திருடித் தின்று மாட்டிக்கொண்டீர்கள்? பள்ளிக்கூடத்தில் உங்கள் பட்டப்பெயர் என்ன? இவற்றுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் உபதேசம் கதையாகிவிடும். அம்மாவிடம் அனுமதி வாங்கி அவர் குரலைப் பதிவு செய்து வை. வாரத்துக்கு ஒன்று, பத்து நிமிடம். தாத்தாவுக்கும் சொல்லிவிடுகிறோம்: ஐயா, சாக்ஸ் தேடும் காலை ஏழரை மணி கதைக்கு ஏற்ற நேரம் இல்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பேரன் கேட்பான்.

கேள்வி: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று என்னைப் பள்ளியில் சேர்த்தார் அப்பா. இன்று என் மகனின் ஆசிரியர் குரலை உயர்த்தினாலே பெற்றோர் குரூப்பில் நாற்பது மெசேஜ். அடி இல்லாமல் பிள்ளை உருப்படுமா? — ஒரு வாசகர், திண்டுக்கல்

உருப்படும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பயத்தில் படித்த பாடம் பரீட்சையோடு போய்விடும், பயம் மட்டும் தங்கும். மெசேஜ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு: குறை இருந்தால் குரூப்பில் எழுதாமல் ஆசிரியரை நேரில் பாருங்கள், பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு.

கேள்வி: பேரனுக்கு நான்கு மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் மருமகள் கூகுளைப் பார்க்கிறாள். நான் நாலு பிள்ளை வளர்த்தவள். எதை விட வேண்டும், எதைச் செய்யலாம், நீங்களே சொல்லுங்கள். — ஒரு பாட்டி, காரைக்குடி

அம்மா, எண்ணெய் தடவி மெதுவாக உடம்பு பிடித்துவிடுவது, காலில் போட்டுக்கொண்டு இளஞ்சூட்டு நீர் ஊற்றுவது, தாலாட்டு, மடியில் வைத்துப் பேசுவது எல்லாம் தங்கமான பழக்கம். மருமகளுக்கும் கற்றுக்கொடுங்கள். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

விட வேண்டியவை: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தலையை மூக்கை அழுத்தி வடிவம் செய்வது, மார்க்காம்பைப் பிதுக்குவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா போலாகிவிடும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர், கிரைப் வாட்டர், சுட்ட வசம்பு எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை நாக்கில் தேன் தடவவே கூடாது, தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கண்ணுக்குள் மை வேண்டாம், திருஷ்டிப் பொட்டு பாதத்தில் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையில் தலை காயவைப்பதற்குப் பதில் பருத்தித் துண்டு போதும்.

நாலு பிள்ளை வளர்த்த கை என்பதில் சந்தேகமே இல்லை. அன்று மருத்துவத்துக்கும் இவ்வளவு தெரிந்திருக்கவில்லை.

கேள்வி: ஏழு வயது மகன் "காசு இல்லைன்னா ஸ்கேன் பண்ணுங்கப்பா" என்கிறான். நான் அந்த வயதில் அண்ணாச்சி கடைக்குத் தனியாகப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருவேன். இவனை எப்படிப் பழக்குவது? — ஓர் அப்பா, விருதுநகர்

சாலையைக் கடக்காமல் போகக்கூடிய கடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது பத்து வயதுக்கு முன் வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கணிப்பது பிள்ளைகளுக்குக் கடினம். அதனால் கடப்பது பிறகு. முதல் வாரம் சேர்ந்து போங்கள், அவன் கேட்கட்டும், அவன் காசு கொடுக்கட்டும். அடுத்த வாரம் இருபதடி பின்னால் நடங்கள். பிறகு வாசலில் நின்று பாருங்கள். இரண்டு பொருளுக்கு மேல் சொல்லாதீர்கள், கடைக்காரரிடம் முன்பே பேசிவையுங்கள். ஐம்பது ரூபாய் நோட்டு கொடுத்து, மீதி எவ்வளவு வர வேண்டும் என்று போகும்முன் கேளுங்கள். பாக்கிக்கு மிட்டாய் கொடுத்தால் வாங்காமல் சில்லறை கேட்கப் பழக்குங்கள்.

பள்ளிகளில் இருந்த சஞ்சயிகா சேமிப்புத் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பத்து வயது ஆனதும் அஞ்சலகத்தில் அவன் பெயரிலேயே 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், அவனே கையெழுத்துப் போட்டு நடத்தலாம்.

கேள்வி: என்னை டேங்க் மேல் உட்காரவைத்து அப்பா ஊர் சுற்றினார். மூன்று வயது மகளுக்கு ஹெல்மெட் வாங்கினால் ஊரே சிரிக்கிறது. — ஒரு வாசகர், தஞ்சாவூர்

சிரிக்கட்டும், நீங்கள் செய்வது சரி. 2023 பிப்ரவரி 15இலிருந்து, ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைக்கு இருசக்கர வண்டியில் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம். வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. குழந்தை உங்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். டேங்க் மேல் உட்கார்ந்தால் பிரேக் அடிக்கும்போது நெஞ்சும் முகமும் ஹேண்டில்பாரில் மோதும். பெரியவர் ஹெல்மெட்டைக் கவிழ்க்காதீர்கள். வாரைப் போட்டு, ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது.

கேள்வி: "எங்களை முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளினார்கள், தானாக நீச்சல் வந்தது" என்று மாமா சொல்கிறார். விடுமுறையில் என் மகனையும் தள்ளப் போகிறாராம். மகன் கூகுளில் கிணற்று ஆழத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான்! — ஓர் அம்மா, ஈரோடு

தள்ள விடாதீர்கள். தள்ளப்பட்டு நீந்தியவர்கள்தான் இன்று கதை சொல்ல இருக்கிறார்கள். பயந்துபோன பிள்ளை தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும். அதுவும் ஒரு நஷ்டம். ஆனால் நீச்சல் கற்றுக்கொடுக்க மாமா முன்வருவது நல்ல விஷயம், விட்டுவிடாதீர்கள்.

கிணற்றில் ஆழம் குறைந்த ஓரமே கிடையாது. ஆகவே முதல் பத்து நாள் இடுப்பளவுத் தண்ணீர் உள்ள தொட்டியோ குளமோ. முதலில் வாயால் மூச்சிழுத்து, முகத்தை நீரில் அமிழ்த்தி மூக்கால் ஊதிக் குமிழி விடுவது. இரண்டாவது, மாமா தலைக்கும் முதுகுக்கும் கீழே கை கொடுக்க, மல்லாந்து மிதப்பது. காது நீருக்குள் போக வேண்டும், முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும், எல்லோரும் செய்யும் தவறு அது. மிதக்க வந்த பிறகு சுவரைப் பிடித்துக் காலடிப்பது, கடைசியில் கை. ஒரு நிமிடம் பிடிமானம் இல்லாமல் மிதந்து, பத்து மீட்டர் நீந்தினால் கிணற்றை யோசிக்கலாம்.

கிணற்றில் இறங்க உறுதியான படி, கைக்கெட்டும் கயிறு, நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் வேண்டும். ஒருவர் நீரில், மகனிடமிருந்து ஒரு கை தூரத்தில். குடுக்கை, காலி கேன், லாரி டியூப் எதையும் உயிர்காப்பாக நம்பக் கூடாது. அவிழும், நழுவும், தலைகீழாகவும் கவிழ்க்கும். மார்பிலும் தொடையிடுக்கிலும் பட்டை உள்ள லைஃப் ஜாக்கெட், அவன் எடைக்கு ஏற்றதாக வாங்குங்கள். மோட்டார் ஓடும்போது இறங்கக் கூடாது, மின்சாரத்தையும் அணைத்துவிட வேண்டும். படித்துறையில் பாசி இருந்தால் முந்தின நாளே தேய்த்துவிடச் சொல்லுங்கள். சறுக்கல் பெரும்பாலும் கடைசிப் படியில்தான்.